எண்ணெய்க் கிணற்று நீரை வயலுக்குப் பாய்ச்சலாமா?

கேள்வி: என் நிலத்துக்கு அருகில் பழைய எண்ணெய்க் கிணறுகள் உள்ளன. எண்ணெயோடு வரும் நீரைச் சுத்திகரித்து இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். நீர் தெளிவாகவே இருக்கிறது. பயிருக்கும் மாடுகளுக்கும் தரலாமா? உப்பு இருந்தால் ஜிப்சம் போதுமா?

பதில்: மாடுகளுக்கு வேண்டாம். பயிருக்கு, ஆய்வு அறிக்கை கைக்கு வரும்வரை ஒரு மடைகூடத் திறக்காதீர்கள்.

கிணறு பழசாக ஆக எண்ணெய் குறைந்து நீர் கூடும். பல முதிர்ந்த எண்ணெய் வயல்களில் மேலே வருவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். அதைக் கழிப்பது எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும் செலவு. தெளிவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எண்ணெயைப் பிரிப்பது வேறு, கரைந்த உப்பை நீக்குவது வேறு. படிய வைத்தும் மிதக்க வைத்தும் எண்ணெயை எடுத்த பிறகும், கடல்நீரை விட உப்பான நீர் கண்ணாடி போலத் தெரியும்.

ஆய்வில் மின்கடத்துதிறன் (கரைந்த மொத்த உப்பைக் காட்டுவது), சோடியம் ஈர்ப்பு விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பது), போரான் மூன்றும் கட்டாயம். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. போரான் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமைத் தாண்டினாலே எலுமிச்சை, பீன்ஸ் போன்றவை தாங்காது. முதிர்ந்த இலைகளின் நுனி கருகும். எண்ணெய், புற்றுநோய் தரும் பென்சீன், கதிரியக்கமுள்ள ரேடியம் அளவுகளையும் கேளுங்கள்.

ஜிப்சம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அது களருக்கு (சோடியம் மிகுந்த மண்) மருந்து, உவருக்கு (கரைந்த உப்பு மிகுந்த மண்) அல்ல. மண்ணில் ஒட்டிய சோடியத்தைக் கால்சியம் விலக்கும். விலகிய சோடியத்தை வேருக்குக் கீழே கழுவ நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். உப்பு நீரையே பாய்ச்சிக்கொண்டு ஜிப்சம் இடுவது வீண் செலவு. நீரிலுள்ள போரானை அது நீக்காது.

இந்த நீர் எங்கும் உதவாது என்று சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் கெர்ன் பகுதியில் 1990-களிலிருந்து இதைப் பாசனத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். அங்கே நிலத்தடியிலிருந்து வரும்போதே உப்பு குறைவு. அதையும் வேறு நீரோடு கலந்தே விடுகிறார்கள்.

மாடுகளைப் பற்றிதான் எனக்கு அதிகக் கவலை. உப்புச் சுவைக்காக அவை கிணற்று நீர் தேங்கும் எண்ணெய்க் குட்டையைத் தேடிப்போய் நக்கும். விழுங்கிய எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கடினம். குட்டைப் பக்கம் இன்றே வேலி போடுங்கள்.

மாதிரியை அவர்கள் எடுத்துத் தர வேண்டாம். குழாய் முனையில் நீங்களே பிடியுங்கள். புதிய கிணறு இணைந்தால் நீரின் தன்மை மாறும், அப்போதெல்லாம் மறுபடி சோதியுங்கள். அறிக்கையோடு மண் ஆய்வையும் அனுப்பினால் எந்தப் பயிர், எவ்வளவு கலப்பு என்று சொல்கிறேன்.