நியூக்கில் காரைச் சுற்றி விழும் கோடு

வணக்கம் நண்பரே. நியூக்கில் (படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள்) கார் ரெண்டரை, அதாவது கணினியில் உருவாக்கிய கார் படத்தை, ரோட்டுக் காட்சிமேல் வைத்து காருக்குக் கிரேட் (நிறத் திருத்தம்) போட்டதும் விளிம்பில் கோடு தெரிகிறது, பின்னணியும் வெளிறிப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வெளிறல்தான் நல்ல துப்பு.

மெர்ஜ் ஓவர் (ஒரு படத்தை இன்னொன்றின்மேல் வைக்கும் கருவி), முன்படத்தின் நிறம் ஏற்கெனவே ஆல்ஃபாவால் (ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு மறைக்கும் என்பதைச் சொல்லும் 0 முதல் 1 வரையிலான எண்) பெருக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டு அதை அப்படியே பின்னணியோடு கூட்டிவிடும். ஆல்ஃபா 0 உள்ள இடத்தில் நிறமும் 0 ஆக இருந்தால்தான் இது சரிவரும். நீங்கள் கிரேடில் லிஃப்ட் (கறுப்பை வெளிச்சமாக்கும் அமைப்பு) ஏற்றியபோது அந்தக் கறுப்பும் சேர்ந்து ஏறியது. அதுதான் ரோடு முழுக்கச் சாம்பலாகப் படிகிறது. விளிம்பில் ஆல்ஃபா 0.5 என்றால் நிறமும் பாதிதான் இருக்கும், அதனால் காமா (நடுத்தர வெளிச்சத்தை மாற்றும் அமைப்பு) அங்கே வேறு மாதிரி வேலை செய்கிறது.

கிரேடுக்கு முன் அன்பிரிமல்ட் (நிறத்தை ஆல்ஃபாவால் வகுப்பது), பின் பிரிமல்ட் (மறுபடி பெருக்குவது) போடுங்கள். கிரேடை அணைத்தும் கறுப்புக் கோடு இருந்தால் எங்கோ பிரிமல்ட் இரண்டு முறை விழுந்திருக்கிறது, கூடுதலானதை எடுத்துவிடுங்கள்.

தயவுசெய்து ஈரோட் (ஆல்ஃபாவின் விளிம்பை உள்நோக்கிச் சுருக்கும் கருவி) போட்டு விளிம்பை அரிக்காதீர்கள். மோஷன் பிளர் (வேகத்தால் வரும் மங்கல்), காரின் மெல்லிய ஆன்டெனா எல்லாம் அதோடு போய்விடும்.