ரைஃபிள் தோட்டா உறைக்கு மசகு எவ்வளவு பூச வேண்டும்?
சுட்ட உறையை மீண்டும் பயன்படுத்த, எஃகு அச்சுக்குள் (die) அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதே மறுஅளவு. அப்படிச் செய்யும்போது சில உறைகள் அச்சுக்குள் சிக்கிக்கொள்கின்றன, சிலவற்றின் தோளில் (கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் பகுதியில்) பள்ளம் விழுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவது பெரும்பாலும் மசகு குறைந்ததால், இரண்டாவது மிகுந்ததால்.

சுடும்போது விரிந்த பித்தளையை எஃகு அச்சு மீண்டும் இறுக்குகிறது. இடையில் மெல்லிய படலம் இல்லாவிட்டால் பித்தளை அச்சைப் பற்றிக்கொள்ளும். அப்போது அழுத்துக்கருவியின் நெம்புகோலை வலிந்து இழுக்காதீர்கள். உறையின் விளிம்புதான் பிய்ந்து வரும்.

உராய்வு கடுமையாக இருப்பது அடிப்பகுதிக்குச் சற்று மேலே. அங்கு ஒரு இடமும் விடாமல் பூசுங்கள். தோளை விட்டுவிடுங்கள்: அச்சுக்கும் தோளுக்கும் இடையில் சிக்கும் மசகு அமுங்காது, போக வழியின்றி மெல்லிய பித்தளையை உள்ளே தள்ளிவிடும். கழுத்தின் உட்புறத்துக்கு ஒரு தொடுதல் போதும். அப்போது விரிவாக்கும் குமிழ் (கழுத்தின் உள்ளளவைச் சரிசெய்யும், அச்சின் நடுவில் உள்ள குமிழ்) வெளியே வரும்போது கழுத்தை இழுத்து நீட்டாது.

லனோலினை (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகை) ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிப்பவர்கள், ஆல்கஹால் முழுதும் ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். விரல் நுனியால் தேய்க்கும் மெழுகே எனக்குப் பிடிக்கும். எவ்வளவு பூசினோம் என்பது விரலுக்கே தெரியும்.

முடிந்ததும் கட்டாயம் துடைத்தெடுங்கள். வெளியே எண்ணெய் மிஞ்சினால் சுடும்போது உறை துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரைப் பற்றாமல் வழுக்கி, அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் மீது கூடுதல் விசையைச் செலுத்தும். உள்ளே மிஞ்சினால் வெடிமருந்து கெடும்.