முன்சீட் ஏர்பேக்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு, 'முன்சீட் ஏர்பேக் சென்சாரில் கோளாறு, வண்டியைக் கொண்டுவாருங்கள்' என்று கடிதம் வந்திருக்கிறது. அதே கம்பெனி காரைத்தான் நாங்கள் இங்கே ஓட்டுகிறோம். எங்களுக்கும் கடிதம் வருமா?
– வாசகர், காட்பாடி

பெரும்பாலும் வராது. அந்த சென்சாரே உங்கள் வண்டியில் இல்லாமல் இருக்கலாம். மோதலை உணரும் சென்சார் வேறு. இது முன்சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எடை பார்த்துச் சொல்வது. குழந்தை என்றால் ஏர்பேக்கை முடக்கும், பெரியவர் என்றால் இயங்க விடும். அமெரிக்க விதிப்படி நடக்கும் சோதனையில் 49 கிலோ அளவிலான சிறிய உடல்வாகுப் பெண்ணையும் இது பெரியவராகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

இது இரண்டு விதமாகத் தப்புப் பண்ணும். பெரியவர் உட்கார்ந்திருக்கும்போதே 'சீட் காலி' என்று எடுத்துக்கொண்டால், மோதும்போது ஏர்பேக் விரியாது. 2014-ல் நிசான் சுமார் 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தும் புகார் நிற்காததால், 2016-ல் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று நேர்மாறு. சென்சாருக்குள் இருக்கும் கெபாசிட்டர் என்ற சின்ன மின்னணு பாகம் விரிசல் விட்டு ஷார்ட் ஆனால், முடங்க வேண்டிய ஏர்பேக் குழந்தை முன்னால் விரிந்துவிடும். 2024 பிப்ரவரியில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் ஏழரை லட்சம் வண்டிகளை அழைத்தது இதற்கு.

அங்கே இதை விசாரிப்பது நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். ஒரே மாடலில் ஒரே மாதிரிப் புகார் குவிந்தால் முதல்கட்ட மதிப்பீடு, அதில் சந்தேகம் வலுத்தால் பொறியியல் ஆய்வு என்று போகும். கோளாறு உறுதியானால் 5 வேலை நாளுக்குள் கம்பெனி அரசுக்கு எழுத வேண்டும். பிறகு வண்டிக்காரர்களுக்குக் கடிதம், செலவில்லாமல் பழுதுபார்ப்பு. மகன் தள்ளிப்போடாமல் வண்டியை சர்வீஸுக்கு விடட்டும். அதுவரை முன்சீட்டில் குழந்தை வேண்டாம்.

இங்கே விற்கும் பல கார்களின் முன்சீட்டில் இருப்பது பெல்ட் போடச் சொல்லிக் கத்தும் சாதாரண சென்சார் மட்டும்தான். சீட்டில் அரிசிப் பையை வைத்தாலும் அது கத்தும். ஏர்பேக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதை ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள்.

லெதர் சீட் கவர் போட்ட மறுநாளிலிருந்து டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. கடைக்காரர், ஃபியூஸைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்கிறார்.
– வாசகி, ஆம்பூர்

ஃபியூஸில் கை வைக்க விடாதீர்கள். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து, ஏறக்குறைய 6 விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டாலும் கோளாறு, எரியவே இல்லையென்றாலும் கோளாறு. இரண்டாவது இன்னும் மோசம், யாரோ விளக்கையே அடைத்திருப்பார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உங்கள் விஷயத்தில், சீட்டைக் கழற்றியபோது அடியில் உள்ள மஞ்சள் சாக்கெட்டை இழுத்திருப்பார்கள். ஏர்பேக் வயரிங் மஞ்சள் நிறத்தில் வருவதே அடையாளத்துக்காக. இக்னிஷன் ஆஃப் செய்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, குறைந்தது 3 நிமிடம் காத்திருந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். மின்சாரம் போன பிறகும் ஏர்பேக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர் எதையும் அந்த வயரில் வைக்கக் கூடாது; அந்தச் சின்ன மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம்.

சாக்கெட்டைச் சரியாக மாட்டினாலும் பல வண்டிகளில் விளக்கு தானாக அணையாது. கம்ப்யூட்டரில் பதிவாகும் ஏர்பேக் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பார்த்து அழிக்க வேண்டும். ஆங்கில 'B' எழுத்தில் தொடங்கும் குறியீடு அது. மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் குறியீட்டை மட்டுமே காட்டும். சில இடங்களில் சாக்கெட்டில் ரெசிஸ்டர் என்ற ஒரு சின்ன மின்பாகத்தைச் செருகி கம்ப்யூட்டரை ஏமாற்றி அனுப்பிவிடுகிறார்கள். விளக்கு அணையும், ஏர்பேக் இருக்காது.

சீட்டின் கதவுப் பக்கத்தில் ஏர்பேக் பட்டை தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கனமான தோல் உறை அதை அடைத்துவிடும். அந்த இடத்தில் எளிதில் பிரியும் தையல் உள்ள கவர்தான் போட வேண்டும்.

ஒன்றரை வயதுக் குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஆற்காடு

கூடாது. ஏர்பேக் விரிந்தால் உங்களுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருப்பது குழந்தை. பின்சீட்டில் சைல்டு சீட் போட்டு உட்கார வையுங்கள். பின்னோக்கிப் பார்க்கும் சைல்டு சீட்டை முன்னால் வைத்தே தீர வேண்டுமென்றால், சாவியால் திருப்பும் ஏர்பேக் ஆஃப் சுவிட்ச் உங்கள் வண்டியில் இருக்க வேண்டும். குழந்தை இறங்கியதும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

இங்கே இப்படிக் கோளாறு வந்தால் வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

ரீகாலுக்கு, அதாவது கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைப்பதற்கு, உத்தரவு போடும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்கு இல்லை, மத்திய அரசுக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவும் அதன் விதிகளும் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வண்டி 7 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால் சோதனைக்குப் போகும்; கட்டாய ரீகால் என்றால் கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. தானாக முன்வந்து அழைத்தால் அபராதம் இல்லை. 2023 ஜனவரியில் மாருதி, ஏர்பேக் கன்ட்ரோலரை மாற்ற 17,362 கார்களை அப்படித்தான் அழைத்தது.

புகாரை வாகன் இணையதளத்தின் ரீகால் பகுதியில் பதியுங்கள். ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேசிஸ் நம்பர் தேவைப்படும். சர்வீஸ் சென்டரில் வாயால் சொன்ன புகார் எந்தக் கணக்கிலும் சேராது. 'ஏர்பேக் விளக்கு அணையவில்லை' என்று ஜாப் கார்டில் எழுத வைத்து, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நகல் வாங்குங்கள். சரிசெய்து தராமல் இழுத்தடித்தால் 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அங்கே இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அந்த நகல்களும் கையில் இருக்க வேண்டும்.