கருவுற்ற பிறகு எடுக்கும் பாலிசி பிரசவச் செலவைத் தருமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது: "என் மகளுக்கு இது நான்காம் மாதம். மாப்பிள்ளை சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். மகள் வேலைக்குச் செல்லவில்லை. தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதத்தில் இங்கே அழைத்து வரப் போகிறோம். எங்களுக்குத் தெரிந்த முகவர் ஒருவர், இப்போதே 28,000 ரூபாய் கட்டி மருத்துவக் காப்பீடு எடுத்தால் அறுவைப் பிரசவமானாலும் முழுச் செலவும் கிடைத்துவிடும், கருவுற்றிருப்பதை மட்டும் படிவத்தில் எழுத வேண்டாம் என்கிறார். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, மகளிடம் படிவத்தில் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டோம். மீதிப் பணத்தைக் கட்டலாமா?"

கட்ட வேண்டாம், ஆச்சி. இன்று உங்கள் மகள் பெயரில் புதிதாக எடுக்கும் தனிநபர் பாலிசியோ குடும்பப் பாலிசியோ இந்தப் பிரசவத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. பெரும்பாலான பாலிசிகள் பிரசவச் செலவை ஏற்பதே இல்லை. ஏற்கும் பாலிசிகளும் ஒன்பது மாதத்தில் தொடங்கிச் சில ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைத்திருக்கின்றன. அந்தக் காலம் முடிந்த பிறகு நடக்கும் பிரசவத்துக்குத்தான் பணம் கிடைக்கும். நான்காம் மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு இவற்றில் மிகக் குறைந்த காத்திருப்புக் காலம்கூட முடிவதற்கு முன்பே குழந்தை பிறந்துவிடும்.

பணத்தைவிட நீங்கள் கொடுத்திருக்கும் கையெழுத்துதான் எனக்குக் கவலை தருகிறது. பாலிசி கோரும் படிவத்தில், காப்பீடு பெறுபவர் கருவுற்றிருக்கிறாரா என்ற கேள்வி இருக்கும். நிரப்பப்படாத படிவத்தில் உங்கள் மகள் கையெழுத்திட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு முகவர் "இல்லை" என்று எழுதினாலும் அது உங்கள் மகள் சொன்ன பதிலாகவே கொள்ளப்படும். பின்னாளில் நிறுவனம் கேட்கும்போது அந்த முகவர் உங்கள் பக்கம் நின்று பேச மாட்டார். அதற்குள் அவருக்குரிய தரகுத்தொகை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மறைத்தால் தெரியாது என்று அவர் சொல்வது முற்றிலும் பொய். முதல் ஸ்கேன் அறிக்கையிலிருந்து மருத்துவமனை கடைசியாகக் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி வரை ஒவ்வொரு தாளிலும் கடைசி மாதவிலக்குத் தேதியும் பிரசவத்துக்கு எதிர்பார்க்கப்படும் தேதியும் எழுதப்பட்டிருக்கும். பணம் கேட்டு நீங்கள் தரும் கோரிக்கையின், அதாவது கிளைமின், கோப்பைத் திறக்கும் அலுவலர் பாலிசி தொடங்கிய தேதியையும் அந்தத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்; வேறு விசாரணை எதுவும் வேண்டியதில்லை. இந்த ஒரு கிளைமை மறுப்பதோடு விஷயம் முடிந்துவிடாது. உண்மையை மறைத்த காரணத்துக்காகப் பாலிசியையே ரத்து செய்யலாம். பிறகு வேறு நிறுவனத்தில் பாலிசி கேட்கும்போது, முன்பு உங்கள் பாலிசி ஏதேனும் ரத்தானதா என்ற கேள்விக்கு உங்கள் மகள் வாழ்நாள் முழுவதும் "ஆம்" என்று எழுத வேண்டியிருக்கும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பாலிசியில் படிவத்தில் சொல்லாமல் விட்ட பழைய தகவல்களைக் காட்டிக் கிளைமை மறுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் திட்டமிட்ட மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

ஆகவே இன்றே அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். மகள் கருவுற்றிருப்பதையும், படிவம் நிரப்பப்படாத நிலையில் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தால் அதையும் எழுதி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துவிடுங்கள். பாலிசி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு; சில சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் வந்துவிடும். முன்பணத்தை ரசீது இல்லாமல் முகவரின் கையில் கொடுத்திருந்தால் அதை அவரிடமே எழுத்து மூலம் கேளுங்கள். கேட்டதன் நகலை நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

அந்த முகவர் உங்களிடம் பாலிசித் தாளில் ஒரு வரியைக் காட்டியிருக்கக்கூடும். இந்த ஒரு வரியை வைத்துப் பல குடும்பங்களை நம்ப வைத்திருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லா நிறுவனங்களின் பாலிசிகளிலும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டிய விலக்குகள், அதாவது பணம் தரப்படாத செலவுகள், என்று காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்தவற்றில் 18-ஆவது மகப்பேறு பற்றியது. பிரசவத்தோடு தொடர்புடைய செலவும், சிக்கலான பிரசவமும், அறுவைப் பிரசவமும் தரப்படாது என்று சொல்லும் அந்த விதியே, கருப்பைக்கு வெளியே தரிக்கும் கருவுக்கான சிகிச்சையை மட்டும் இந்தத் தடையில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. பெரும்பாலும் கருக்குழாயில் கரு தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து உள்ளுக்குள் இரத்தம் போகும் அபாயம் கொண்ட நிலை அது. அதற்கான அறுவைச் சிகிச்சையைப் பிரசவம் என்று கணக்கில் எடுக்காமல் நோய் என்றே கொள்கிறார்கள். "கர்ப்பச் சிக்கல்களுக்குப் பணம் உண்டு" என்று இப்படிப்பட்ட முகவர்கள் சொல்வது இதை மனத்தில் வைத்துத்தான். ஆனால் இந்த நிலை பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே ஸ்கேனில் தெரிந்துவிடும். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று உங்கள் மகளுக்கு ஸ்கேன் பார்த்துச் சொல்லியிருந்தால், அந்த வரியால் அவருக்கு இந்தப் பிரசவத்தில் எந்தப் பயனும் இல்லை. கருச்சிதைவுக்கும் அதே விதியில் விபத்தால் நேர்ந்தால் மட்டுமே பணம், மற்றபடி கிடையாது. இரத்த அழுத்தம் ஏறுவது, பனிக்குடம் முன்கூட்டியே உடைவது போன்றவற்றைக் காட்டி நீங்கள் வாதாடினாலும் பிரசவத்தோடு தொடர்புடையது என்ற ஒரே பதில்தான் வரும்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது மாப்பிள்ளையின் நிறுவனம் எடுத்து வைத்திருக்கும் குழுக் காப்பீடு. பல நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில் ஊழியரின் மனைவிக்குப் பிரசவச் செலவு முதல் நாளிலிருந்தே உண்டு. ஏற்கெனவே கருவுற்றிருப்பது அதற்குத் தடையாகாது. மாப்பிள்ளை தம் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவிடம் எழுத்து மூலம் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். மனைவியின் பெயர் அந்தப் பாலிசியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பது முதற்கேள்வி. திருமணமானதும் குறிப்பிட்ட நாளுக்குள் சேர்க்காமல் விட்டுவிட்டு, பிரசவ நேரத்தில் தவிக்கும் பிள்ளைகள் ஏராளம். விட்டுப்போயிருந்தால் பாலிசி புதுப்பிக்கும் தேதி பிரசவத்துக்கு முன்பு வருகிறதா, அப்போது சேர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். மகப்பேற்றுக்கான ஒன்பது மாதக் காத்திருப்பு நீக்கப்பட்டிருக்கிறதா, இயல்பான பிரசவத்துக்கும் அறுவைப் பிரசவத்துக்கும் உச்சவரம்பு எவ்வளவு, அறை வாடகைக்குத் தனி வரம்பு உண்டா என்பனவற்றையும் கேட்கட்டும். மொத்தக் காப்பீடு ஐந்து லட்சம் என்று இருந்தாலும் பிரசவத்துக்கு அதில் ஒரு சிறு பகுதிதான் ஒதுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் ஆகும் செலவை நீங்கள்தான் ஏற்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் நம் வழக்கத்தைச் சென்னையில் பாலிசி எழுதுபவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அவர்களுடைய மருத்துவமனைப் பட்டியலில் சென்னைக்குப் பக்கம் பக்கமாகப் பெயர்கள் இருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் என்று தேடினால் ஓரிரண்டு தேறுவதே அரிது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் ரொக்கமில்லாச் சிகிச்சை, அதாவது நாம் பணம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் வசதி, பெறலாம் என்று 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. திட்டமிட்ட சேர்க்கையென்றால் 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். ஆனால் மருத்துவமனையும் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டுமாதலால் இதை மட்டும் நம்பிப் பணமில்லாமல் போய் நிற்காதீர்கள். முழுத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு, கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவதற்கே தயாராக இருங்கள். மூல ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் அறிக்கைகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை ஒன்றுவிடாமல் வாங்கி வையுங்கள்.

நம் ஊர்களில் பல தலைமுறையாகப் பிரசவம் பார்த்துவரும் கைராசியான சிறு நர்சிங் ஹோம்கள் உண்டு. அங்கேதான் என்று முடிவு செய்திருந்தால், அந்த இடம் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் மருத்துவமனையாகத் தேறுமா என்று முதலில் விசாரியுங்கள். பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊரில் குறைந்தது 10 படுக்கை, இரவும் பகலும் மருத்துவரும் செவிலியரும், அறுவைச் சிகிச்சை அரங்கு, நோயாளிகளைப் பற்றிய அன்றாடப் பதிவேடு ஆகியவற்றை எதிர்பார்க்கிறார்கள். எட்டுப் படுக்கை உள்ள இடத்தில் எவ்வளவு நல்ல முறையில் பிரசவம் பார்த்தாலும் கிளைம் சிக்கலாகிவிடும். பதிவுச் சான்றிதழின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, மாப்பிள்ளை மூலமாக நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும் நாளில் இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் தர வேண்டும் என்று 2024-இல் ஆணையம் உத்தரவிட்டது. உத்தரவு தாளில் இருக்கிறது. தையலோடும் கைக்குழந்தையோடும் இருக்கும் பெண்கள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை காத்துக் கிடப்பதும் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பாலிசியின் முக்கிய விவரங்களை எளிய மொழியில் தனித் தாளாகத் தர வேண்டும், கேட்டால் தமிழிலும் தர வேண்டும் என்பதும் விதிதான். அதைக் கேட்க வேண்டும் என்று உங்களைப் போன்றவர்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை. நாற்பது பக்க ஆங்கிலத்தைக் கையில் திணித்துவிட்டு, படிக்காதது உங்கள் குற்றம் என்கிறார்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கிளைமை நியாயமின்றி மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும்.

மாப்பிள்ளையின் நிறுவனத்தில் குழுக் காப்பீடு இல்லையென்று தெரிந்தால் அதே முகவரோ இன்னொருவரோ, ஏதோ ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் பெயரைச் சேர்த்துக் குழுக் காப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லக்கூடும். காப்பீட்டுக்காக மட்டுமே ஒரு குழுவை உருவாக்குவதை விதிகள் அனுமதிப்பதில்லை. வேலையே செய்யாமல் ஊழியர் என்று காட்டுவது குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம். மாப்பிள்ளையின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் மனைவியின் பிரசவத்துக்கும் அங்கே மருத்துவ வசதி உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது, குறிப்பிட்ட சிகிச்சைகளின் பட்டியலுக்கு உட்பட்டது. அந்த அட்டைக்காக ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள், அது இலவசம்.

எதுவுமே அமையவில்லையென்றாலும் நீங்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர். அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, உணவு, வாகனம் எல்லாம் இலவசம் என்பது 2011 முதல் நடைமுறையில் உள்ள திட்டம். அதற்கு வருமான வரம்பு கிடையாது. காரைக்குடி அரசு மருத்துவமனையும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. தனியாரிடம் பார்ப்பதாக இருந்தாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்ணாகிய பிக்மி எண் வாங்கியிருக்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் தேவைப்படும். சென்னையில் வாங்கியிருந்தால் அதே எண்ணோடு இங்கே தொடரலாம்.

குழந்தை பிறந்ததும் அதன் பெயரை மாப்பிள்ளையின் குழுக் காப்பீட்டில் உடனே சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் சூட்டும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாயின் பெயரைக் குறிப்பிட்டு அவருடைய குழந்தை என்றே சேர்த்துக்கொள்வார்கள். மருத்துவமனை தரும் பிறப்புக் கடிதத்தை அன்றே படமெடுத்து மனிதவளப் பிரிவுக்கு மாப்பிள்ளை அனுப்பிவிட வேண்டும், ஏனெனில் பச்சிளங்குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் அந்தச் செலவு பிரசவச் செலவையே மிஞ்சிவிடும்.