புழு ஏன் இன்னும் நெளிகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூச்சிக்கொல்லி என்றாலே நரம்பைத் தாக்கும் நஞ்சுதான் என்று டிடிடி கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். தண்ணீர் தேங்கிய தொட்டியில் மெத்தோப்ரீன் என்கிற கொசுப்புழு மருந்தைப் போட்டு நான்கு நாளாகிறது. ஒரு புழுகூடச் செத்ததாகத் தெரியவில்லை, ஜோராக நெளிகின்றன. இது மருந்தா, ஏமாற்றா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாற்று இல்லை. தப்பு என் கட்டுரையில்தான். டிடிடியைப் பற்றி எழுதிய வேகத்தில் எல்லா மருந்துக்கும் சேர்த்து ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டேன். 1939இல் பவுல் முல்லர் என்ற சுவிஸ் வேதியியலாளர் பூச்சிகளிடம் சோதித்துப் பார்த்த டிடிடி, நரம்பில் சோடியம் நுழையும் வாயில்களை மூட விடாது. நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி மல்லாந்து கால் உதறிச் சாகும். கண்ணெதிரே நடப்பதால் அடித்தவருக்கும் ஒரு திருப்தி. மெத்தோப்ரீனுக்கு நரம்போடு அப்படியான வேலை இல்லை. அது எந்த வழியில் வந்தது என்று சொல்ல, ஒரு தாள் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

1960களின் நடுவில் பிராக் நகரிலிருந்து கரேல் ஸ்லாமா என்ற விஞ்ஞானி, பூச்சி ஆய்வாளர் கரோல் வில்லியம்ஸுடன் வேலை செய்ய அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். கூடவே தான் வருஷக்கணக்கில் வளர்த்துவந்த சிவப்பும் கருப்புமான நாவாய்ப்பூச்சிகளையும் கொண்டுபோனார். இந்தப் பூச்சி ஐந்து இளநிலைகளைத் தாண்டினால் இறக்கை முளைத்துப் பெரிய பூச்சியாகிவிடும். அங்கே போனதும் ஆகவில்லை. ஐந்தாவது சட்டையை உரித்துவிட்டு ஆறாவது இளநிலைக்குப் போயின. சில ஏழாவதுக்கும் போயின. உடம்பு மட்டும் ஊதிக்கொண்டே போனது. ஒன்றுகூட இனப்பெருக்க வயதை எட்டாமல் செத்தன.

தீனி, தண்ணீர் என்று இரண்டு ஊர் வளர்ப்பு முறைக்கும் இருந்த வித்தியாசங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சியது கிண்ணத்தின் அடியில் விரித்த தாள். பிராகில் போட்டது வடிதாள், ஹார்வர்டில் போட்டது கை துடைக்கும் காகிதம். பிறகு கையில் கிடைத்த பத்திரிகைகளையெல்லாம் கிழித்துப் போட்டுச் சோதித்தார்கள். நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல், சயின்ஸ் ஆகியவற்றின் தாளில் பூச்சி வளர மறுத்தது. லண்டன் டைம்ஸ், நேச்சர் தாளில் ஒழுங்காக வளர்ந்தது. (ஒரு பத்திரிகையின் தாக்கத்தை இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் அளந்ததாக எனக்குத் தெரியவில்லை.)

காரணம் மரம். அமெரிக்கக் காகிதக் கூழுக்குப் பெரிதும் பயன்பட்ட பால்சம் ஃபிர் மரத்தில் ஒரு பொருள் இருக்கிறது. அது பூச்சியின் இளநிலை ஹார்மோனைப் போலவே நடிக்கும். இந்த ஹார்மோன் உடம்பில் இருக்கும்வரை பூச்சி ஒவ்வொரு முறை சட்டை உரித்தாலும் குஞ்சாகவே இருக்கும். அது வற்றினால்தான் முதிரும். வற்ற வேண்டிய நேரத்தில் வெளியிலிருந்து ஊட்டினால், பூச்சி பாதியில் சிக்கிக்கொள்ளும். 1956இலேயே செக்ரோப்பியா என்ற அந்துப்பூச்சியின் ஆண் வயிற்றிலிருந்து இந்த ஹார்மோனை எண்ணெயாக எடுத்திருந்தவர் வில்லியம்ஸ். அதனால் தாளின் சேட்டை அவருக்குச் சட்டென்று பிடிபட்டிருக்க வேண்டும். இந்த மாதிரிப் பொருட்களை அவர் மூன்றாம் தலைமுறைப் பூச்சிக்கொல்லி என்றார். மெத்தோப்ரீன் ஆய்வகத்தில் செய்த அப்படியொரு போலி ஹார்மோன்தான். 1975இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தன் உடம்பில் ஊறும் ஹார்மோனை எதிர்த்துப் பூச்சி என்ன செய்யும் என்று வில்லியம்ஸ் நம்பினார். அந்த நம்பிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. 1986இலேயே மெத்தோப்ரீனைத் தாங்கும் பழ ஈ ரகம் ஆய்வகத்தில் கிடைத்துவிட்டது. இன்னொரு சங்கடமும் உண்டு. பயிரைத் தின்பது பெரும்பாலும் புழு. முதிராமல் புழுவாகவே நீடித்தால் அது இன்னும் கொஞ்சம் தின்னும். விவசாயிக்கு இதைவிட மோசமான உதவி வேண்டுமா? கொசு விஷயம் நேர் எதிர். புழு நம்மைக் கடிப்பதில்லை, இறக்கை முளைத்த பிறகுதான் தொல்லை. அதனால்தான் இந்த மருந்து இங்கே எடுபட்டது.

ஆகவே புழு நெளிவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது கூட்டுப்புழுவாகிற வரை நன்றாகவே நீந்தும், தின்னும். சாவு அதற்குப் பிறகு வரும். சில, கூட்டுத் தோலை விட்டுப் பாதி வெளியே வந்து அப்படியே மிதக்கும்.

தொட்டியில் காற்புள்ளி போல வளைந்து, தொட்டால் குட்டிக்கரணம் போடுகிறவைதான் கூட்டுப்புழுக்கள். மருந்து போடும்போதே கூட்டுப்புழுவாக இருந்தவை இதற்குள் கொசுவாகிப் பறந்திருக்கும், அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இன்று கண்ணில் படும் கூட்டுப்புழுக்களில் பத்துப் பதினைந்தை அதே தண்ணீரோடு ஒரு டம்ளரில் எடுத்து, வாயில் வலைத்துணி கட்டி மூன்று நாள் வையுங்கள். வலைக்குள் எத்தனை கொசு பறக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பாதிக்கு மேல் பறந்தால் மருந்தின் அளவையும் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டியிருக்கும்.