நேட் விமானத்தைச் சிமுலேட்டருக்குள் கட்டுவது: கேள்வி பதில்

1965, 1971 போர்களில் இந்திய விமானப்படை ஓட்டிய ஃபோலண்ட் நேட் போர்விமானத்தை டி.சி.எஸ். வேர்ல்டு என்ற கணினி விமானச் சிமுலேட்டருக்கான மோடாக, அதாவது ஆர்வலர்கள் சேர்க்கும் கூடுதல் பகுதியாக, நான் மூன்று ஆண்டுகளாக உருவாக்கி வருவதை அறிந்த நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): அண்ணா, எனக்கு நிரல் எழுதவும் தெரியாது, முப்பரிமாண வடிவமைப்பும் தெரியாது. மோட் செய்ய விரும்பும் என்னைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வண்ணப்பூச்சிலிருந்து தொடங்குங்கள், தம்பி. ஏற்கெனவே இருக்கும் ஒரு விமானத்துக்குப் புதிய லிவரி, அதாவது உடல் வண்ணமும் சின்னங்களும், வரைவதற்கு ஒரு படத்தொகுப்பு மென்பொருளும் பொறுமையும் போதும். டி.சி.எஸ்.ஸில் உங்கள் சேவ்ட் கேம்ஸ் கோப்புறைக்குள் லிவரீஸ் என்று ஒரு கோப்புறை அமைத்து, விமானத்தின் பெயரில் ஓர் உட்கோப்புறையும் அதனுள் உங்கள் லிவரியின் பெயரில் இன்னொன்றும் வைத்து, விமான உடலின்மேல் போர்த்தப்படும் டெக்ஸ்சர் படங்களையும் அவை எந்தப் பாகத்துக்கு உரியவை என்று சொல்லும், லுவா நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறு கோப்பையும் அங்கே இட்டால், விளையாட்டின் மூலக் கோப்புகள் எதையும் தொடாமலேயே உங்கள் விமானம் ஓடுதளத்தில் நிற்கும். பழைய ஐஎல்-2 விளையாட்டில் இது இன்னும் எளிது; 1024க்கு 1024 அளவில், 256 வண்ணங்கள் கொண்ட ஒரே ஒரு பிட்மேப் படம்தான் முழு விமானத்துக்கும் தோலாகிறது.

எளிய வேலை என்று சொன்னதால் கவனமின்றிச் செய்யலாம் என்று பொருளில்லை. இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் நடுவே பச்சை, அதைச் சுற்றி வெள்ளை, வெளி வளையத்தில் காவி. இதைத் தலைகீழாக வரைந்த லிவரிகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்து வருந்தியிருக்கிறேன். காலமும் முக்கியம். 1965 செப்டம்பர் தொடக்கத்தில் போருக்குச் சென்ற நேட்கள் வண்ணம் பூசாத பளபளக்கும் உலோக உடலோடு பறந்தன. 1971இல் அவை உருமறைப்பு வண்ணத்தில் இருந்தன. அருங்காட்சியகத்திலோ நாற்சந்தியிலோ நிறுத்தப்பட்டிருக்கும் விமானத்தைப் பார்த்து வண்ணத்தை முடிவு செய்யாதீர்கள். அவை பலமுறை மறுபூச்சுக் கண்டவை. அளவெடுக்க அவை உதவும், வண்ணத்துக்கு அந்தந்த ஆண்டின் புகைப்படங்களே சான்று.

கேள்வி (மென்பொருள் பணியாளர், பெங்களூரு): நேட் மிகச் சிறிய, எளிய விமானம்தானே? மூன்று ஆண்டுகள் ஆகும் அளவுக்கு அதில் என்ன சிக்கல்?

சிறியதாக இருப்பதே சிக்கலுக்குக் காரணம். டெடி பெட்டர் என்ற பொறியாளர், போர்விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு கனத்தும் விலையேறியும் போவதை ஏற்க மறுத்து, ஒரு போர்விமானம் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்ற கேள்விக்கு விடையாக இதை வடிவமைத்தார். 1955 ஜூலை 18 அன்று முதன்முதலாகப் பறந்த இதன் இறக்கை விரிவு 6.7 மீட்டர் மட்டுமே. போரில் இதன் எதிரியாகிய பாகிஸ்தானின் சேபர் விமானத்தின் இறக்கை விரிவு 11 மீட்டருக்கும் மேல். அவ்வளவு சின்ன உடலில் எடையை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு வேலை கொடுத்தார்கள்.

சக்கரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நேட்டில் தனியாக வேகத்தடைப் பலகை கிடையாது. சக்கரங்களைப் பாதி இறக்கினால் அவற்றின் கால்களும் மூடிகளும் காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைக்கும். அதேபோல, தரையிறங்கச் சக்கரங்களை முழுவதும் இறக்கும்போது, பக்கவாட்டில் சாய்க்கப் பயன்படும் ஏலெரான்கள் இரண்டும் சேர்ந்து கீழே தொங்கி, மெதுவான வேகத்தில் கூடுதல் தூக்குவிசை தரும் ஃப்ளாப்பின் வேலையையும் பார்க்கும். டி.சி.எஸ்.ஸில் ஒவ்வோர் அசையும் பாகத்துக்கும் ஓர் எண் உண்டு: முன்சக்கரத்துக்கு 0, பின்சக்கரங்களுக்கு 3, 5, ஏலெரான்களுக்கு 11, 12. வழக்கமான விமானத்தில் இவை ஒன்றையொன்று பாராமல் இயங்கும். நேட்டில் 0, 3, 5 ஆகியவை பாதியில் நின்றால் அதன் விளைவு ஒன்று, முழுவதும் இறங்கினால் 11, 12 ஆகியவற்றின் நடுநிலையே மாறிவிட வேண்டும். அந்தத் தொங்கிய நிலையிலிருந்தும் விமானி கட்டுப்பாட்டுத் தண்டை அசைத்தால் அவை சாய்க்கும் வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டும்.

விமானம் எப்படிப் பறக்கும் என்று கணக்கிடும் பகுதிதான் ஃப்ளைட் மாடல். சிமுலேட்டரோடு வரும் எளிய ஃப்ளைட் மாடலில் சக்கரத்தின் இழுவை, ஃப்ளாப்பின் இழுவை, வேகத்தடையின் இழுவை என்று தனித்தனி எண்கள்தான் இருக்கின்றன. மூன்றும் பின்னிக் கிடக்கும் நேட்டை அந்தப் பெட்டிகளுக்குள் அடைக்க முயன்று ஓராண்டைச் செலவழித்த பிறகு, சி++ மொழியில் சொந்த ஃப்ளைட் மாடலை எழுதும் ஈ.எஃப்.எம். வழிக்கு மாறினேன். முதலிலேயே மாறியிருக்க வேண்டும் என்பது என் முடிவான கருத்து. இருக்கும் பெட்டிக்கு ஏற்ப விமானத்தை வெட்டினால், கடைசியில் கிடைப்பது நேட்டின் தோலைப் போர்த்திய வேறொரு விமானம்.

கேள்வி (பொறியியல் ஆசிரியர், திருச்சி): சோதனைப் பதிப்பில் உங்கள் நேட், கிடைமட்டமாக வளைந்து சண்டையிடும்போது சேபரிடம் தோற்கிறது. 'சேபர் ஸ்லேயர்' (சேபரை வீழ்த்துவது) என்று பெயர் பெற்ற விமானத்துக்கு இது இழுக்கல்லவா?

இதே கேள்வியை ஐந்து பேர் கேட்டிருப்பதால் கணக்கோடு சொல்கிறேன். நேட்டின் உச்சப் புறப்பாட்டு எடை ஏறத்தாழ 4,100 கிலோ, இறக்கைப் பரப்பு 12.7 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 323 கிலோவைத் தாங்குகிறது. எஃப்-86எஃப் சேபரில் 6,900 கிலோவை ஏறத்தாழ 29 சதுர மீட்டர் தாங்குவதால் அது 238 கிலோ மட்டுமே. வளையும்போது இறக்கை பல மடங்கு எடையைத் தூக்க வேண்டியிருக்கும் என்பதால், குறைந்த சுமையுள்ள இறக்கையே நெருக்கமாக வளையும். மெதுவான வேகத்தில் வட்டமடித்துக்கொண்டே சண்டையிட்டால் சேபர் முந்துவது இயற்கையின் கணக்கு.

நேட்டின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. அதன் ஆர்ஃபியஸ் எஞ்சின் 4,705 பவுண்டு உந்துவிசை தருகிறது. எடையோடு ஒப்பிட்டால் விகிதம் 0.52. சேபருக்கு 5,910 பவுண்டு இருந்தும் விகிதம் 0.39தான். எனவே செங்குத்தாக ஏறி, வேகத்தைத் திரும்பப் பெற்று, மேலிருந்து பாய்வதில் நேட் முந்தும். இதோடு, தொலைவில் அதைக் கண்ணால் காண்பதே கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனைப் பதிப்பில் தோற்றவர்கள் அனுப்பிய ஐந்து பதிவுகளிலும் விமானிகள் வட்டத்திலேயே சுற்றியிருக்கிறார்கள். மேலே ஏறிப் பாருங்கள்.

நம் விமானம் என்ற பெருமையால் எண்ணை ஒரு புள்ளி உயர்த்துவதற்கு நான் ஒருபோதும் இணங்க மாட்டேன். அந்த விமானிகள் எதிரியின் எந்தப் பலத்துக்கு எதிராக வென்றார்கள் என்பதை மறைத்துவிட்டால், அவர்கள் செய்த செயலின் அருமையே தெரியாமல் போய்விடும்.

கேள்வி (வரைகலைஞர், சென்னை): ஃப்ளைட் மாடல் சரியாக இருக்கிறதா என்பதை எப்படிச் சோதிக்கிறீர்கள்?

கையால் கணக்கிட்ட எண்ணும் சிமுலேட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். எடுத்துக்காட்டாக, இறக்கையின் தூக்கும் திறனைக் குறிக்கும் உச்சத் தூக்குக் குணகத்தை 1.2 என்று வைத்தால், முழு எடையில் கடல்மட்டத்தில் நேட் சுமார் 236 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆக வேண்டும், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போக வேண்டும். சிமுலேட்டரில் 210 கி.மீ. வரை தாங்கிப் பறக்கிறதென்றால் எங்கோ பிழை இருக்கிறது. என் முதல் பதிப்பு சமதளப் பறத்தலிலேயே ஒலியின் வேகத்தைத் தாண்டியது. உண்மையான நேட் பாய்ச்சலில் மட்டுமே அதைத் தாண்டக்கூடியது. பவுண்டை நியூட்டனாக மாற்றும் பெருக்கல் இரண்டு கோப்புகளில் இரண்டு முறை நடந்திருந்ததை ஒரு வாரம் தேடித்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எல்லா எண்களையும் ஒரே கோப்பில், அலகு எழுதி, எந்த ஆவணத்திலிருந்து எடுத்தேன் என்ற குறிப்போடு வைக்கிறேன்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வேறு விளையாட்டிலிருந்து விமான வடிவத்தைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. அது இன்னொருவரின் உழைப்பு. மூலப் படைப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு தருகிறார்கள்.

கேள்வி (வழக்கறிஞர், சேலம்): ஃபால்கன் 4.0 விளையாட்டின் மூல நிரலே கசிந்து, அதன்மேல்தான் இன்றைய பி.எம்.எஸ். என்ற மோட் வளர்ந்தது என்கிறார்கள். அப்படியானால் மோட் உலகத்தின் அடித்தளமே சட்டத்துக்குப் புறம்பானதா?

கசிவு உண்மை. மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 1998 டிசம்பரில் வெளியிட்ட அந்த விளையாட்டு, கொரியத் தீபகற்பம் முழுவதும் ஒரு போர் தானாக நடந்துகொண்டிருக்க, அதில் நாம் ஓட்டும் எஃப்-16 ஒரு சிறு பகுதியாக மட்டும் இருக்கும் அளவுக்குப் பெரிய கனவோடு வந்தது. பிழைகளும் அதே அளவுக்கு இருந்தன. ஓராண்டில் குழு கலைக்கப்பட்டது. 2000 ஏப்ரலில் மூல நிரல் வெளியே வந்தது. அதன்பின் ஆர்வலர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் செப்பனிட்டு வருகிறார்கள். இன்றைய பி.எம்.எஸ். இலவசம்தான், ஆனால் உரிமம் பெற்ற மூல ஃபால்கன் 4.0 உங்களிடம் இருந்தால்தான் அது நிறுவப்படும். கசிந்ததை நியாயப்படுத்த நான் வரவில்லை. உரிமையாளரின் விற்பனைக்குக் குறுக்கே நிற்காமல் உழைத்த அந்த ஒழுங்கைத்தான் மதிக்கிறேன். ஒரு முழு மோட் உலகத்தையும் இந்த ஒரு நிகழ்வைக் கொண்டு எடைபோடுவது சரியாகாது, டி.சி.எஸ்.ஸுக்கு ஆர்வலர்கள் இலவசமாகக் கட்டிய ஏ-4 ஸ்கைஹாக், யாருடைய நிரலும் கசியாமல், தரத்தில் விலைக்கு விற்கும் விமானங்களோடு நிற்கிறது.

கேள்வி (மாணவர், ஈரோடு): இன்றும் சேவையில் உள்ள விமானத்தின் கையேடு இணையத்தில் கிடைத்தது. மோடுக்குப் பயன்படுத்தலாமா?

தொடாதீர்கள், பகிராதீர்கள், என்னிடமும் அனுப்பாதீர்கள். கணினியில் இருக்கும் படியையும் அழித்துவிடுங்கள். எஃப்-16 கையேடுகளை ஏல இணையதளம் வழியாக வாங்கியதற்காக ரஷ்யாவைச் சேர்ந்த ஒரு சிமுலேட்டர் உருவாக்குநர் 2019இல் அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் வழக்கைச் சந்தித்தார். இரகசியம் என்ற முத்திரை இல்லாத தாள்கூட ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வரலாம். சேவையிலிருந்து விலகி, கையேடுகள் முறைப்படி வெளியான பழைய விமானங்களைத் தேர்ந்தெடுங்கள். நான் நேட்டைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி (மிஷன் உருவாக்குபவர், கோயம்புத்தூர்): 1971இல் நடந்த போய்ரா, ஸ்ரீநகர் வான்சண்டைகளைச் சிமுலேட்டரில் ஆடும் மிஷன்களாக அமைக்க விரும்புகிறேன். கவனிக்க வேண்டியவை என்ன?

போய்ராவில், 1971 நவம்பர் 22 பிற்பகல், கொல்கத்தாவின் டம்டம் தளத்திலிருந்து எழுந்த 22ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவின்) நான்கு நேட்கள் சேபர்களை எதிர்கொண்டன. இந்தியத் தரப்பு மூன்று வீழ்ந்ததாகவும், பாகிஸ்தான் தரப்பு இரண்டை இழந்ததாகவும் சொல்கின்றன. சிறைப்பட்ட இரு விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். எதிரியாக எஃப்-86எஃப் சேபரை அப்படியே வைத்துவிடாதீர்கள். கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தவை கனடாவில் கட்டிய சேபர் மார்க் 6. அவற்றின் ஒரெண்டா எஞ்சின் 7,275 பவுண்டு விசை தருவது. மேலே நான் காட்டிய உந்துவிசை இடைவெளி அங்கே பெரிதும் சுருங்கிவிடும்.

ஸ்ரீநகருக்கு வருவோம். 1971 டிசம்பர் 14 அன்று ஆறு சேபர்கள் தளத்தைத் தாக்கிக்கொண்டிருக்கும்போதே ஓடுதளத்திலிருந்து எழுந்து போரிட்டு வீழ்ந்த நிர்மல்ஜித் சிங் செகான், விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். உங்கள் ஊருக்கு அருகே சூலூரில் 2020இல் தேஜஸ் போர்விமானங்களோடு மீண்டும் தொடங்கப்பட்ட 18ஆம் ஸ்குவாட்ரன்தான் அவருடையது. மிஷனில் பலரும் மறப்பது உயரத்தை. ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறையும். தரையைவிட்டு எழ ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும், அதற்குரிய நீண்ட ஓட்டமும் வேண்டும். காஷ்மீர் நிலப்பரப்பு கையில் இல்லாதவர்கள் நெவாடா வரைபடத்தின் டோனோபா ஓடுதளத்தைப் பயன்படுத்துங்கள். அதுவும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத் தளமொன்றில் அமைத்தால், குண்டுகள் விழும் ஓடுதளத்தில் வேகம் கூடக் காத்திருந்த அந்தக் கூடுதல் நொடிகள் காணாமல் போய்விடும்.

கேள்வி (ஓய்வுபெற்ற விமானப்படைத் தொழில்நுட்பர், ஆவடி): தம்பி, எழுபதுகளில் நேட்டின் அருகில் நின்று வேலை செய்தவன் நான். கணினி எனக்குத் தெரியாது. என்னைப் போன்றவர்களின் நினைவு இந்த வேலைக்குப் பயன்படுமா?

ஐயா, உங்கள் கடிதத்தைக் கடைசிக்கு வைத்ததற்குப் பொறுத்தருள வேண்டும். நிதானமாக எழுத விரும்பினேன். எடை, வேகம், விசை ஆகியவற்றுக்கு ஆவணத்தையே நம்புகிறேன், ஏனெனில் ஐம்பது ஆண்டுகளில் எண்கள் யாருடைய நினைவிலும் நகர்ந்துவிடும். கைகள் செய்த வேலையின் வரிசையும், காது கேட்ட ஒலியும் அப்படி நகர்வதில்லை என்பதை வேறு இரு முதியவர்களிடம் பேசியபோது உணர்ந்தேன். அவை எந்தக் கையேட்டிலும் இல்லாதவை. இயன்றபோது இவற்றை மட்டும் எழுதியனுப்புங்கள், அல்லது பேசிப் பதிந்து அனுப்புங்கள். எஞ்சின் அணைந்த பிறகு சுழலி முழுவதும் நிற்கும்வரை எப்படி ஒலித்தது? இரவு முழுவதும் நின்ற விமானத்தில் சக்கர மூடிகள் மூடியபடியே இருந்தனவா, ஹைட்ராலிக் அழுத்தம் வடிந்து தொங்கினவா? ஏலெரான்கள் தொங்கும்போது இரண்டும் ஒரே கணத்தில் இறங்கினவா, ஒன்று சற்றுப் பின்தங்கியதா?