'டிராமா இன்ஃபார்ம்ட் தெரப்பி' சாதாரண ஆலோசனையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வேலை, அம்மா, பிள்ளைகள் என்று பார்த்துப் பார்த்தே ஓய்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 'டிராமா' (trauma) என்றால் மனசில் ஆழமாகப் பதிந்த பழைய காயம்; அதை மனத்தில் வைத்தே நடத்தும் இந்த முறையில் ஆலோசகர் "உங்களுக்கு என்ன கோளாறு?" என்று தொடங்கமாட்டார், "உங்களுக்கு என்ன நடந்தது?" என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காகப் பழைய காயத்தை முதல் நாளே கிளறமாட்டார். முதலில் தூக்கம், மூச்சு, பாதுகாப்பு உணர்வு. எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் கையில். என் ஆலோசகர் எந்த நாற்காலி வசதி, கதவு திறந்திருக்கட்டுமா என்றுகூடக் கேட்டார். சின்ன விஷயம்தான், ஆனால் வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம், பண்பாடு. நாம் 'மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு" என்போம். அதைப் புரிந்துகொள்பவர் வேண்டும். அதற்கு முன் நான் பார்த்த ஒருவர், மாமியாரோடு ஒரே வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருப்பதைக் கேட்டதும் "தனியாகப் போய்விடுங்கள்" என்றார். போகிற காரியமா அது? நல்ல ஆலோசகர் அந்த வீட்டுக்குள்ளேயே உங்களுக்கு மூச்சுவிட இடம் தேடுவார்.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலோ பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்திலோ தொடங்கலாம். தமிழில் பேசும் ஆலோசகர் வேண்டுமென்று கூச்சப்படாமல் கேளுங்கள். நெஞ்சு வலியை மட்டும் மனசு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம்: SOS என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 1767 எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.